கவனம் சாரின் ஆள்காட்டி விரல்

தகடு மடிக்கும் இயந்திரத்தின் வாயிலிருந்து விரலை உருவிக்கொண்டதும் கவனம் சார் முதலில் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அதன் பிறகுதான் விரலைப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வலது கை ஆள்காட்டி விரல். நகம் கறுத்துக்கொண்டு வந்தது. நடுக்கணு வரைக்கும் வீங்கத் தொடங்கியிருந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் ஆள் வரும். ஆள் வந்தால் கேள்வி வரும். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

அவர் திருடன் அல்ல. இரும்பு பீரோ செய்யும் அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. வாயைத் திறந்தால் முதல் சொல்லும் 'கவனம்', கடைசிச் சொல்லும் 'கவனம்'. தரை ஈரமாயிருந்தால் கவனம், டீ சூடாயிருந்தால் கவனம், எவனாவது தும்மினால்கூட, "கவனம்ப்பா, முன்னாடி மெஷின் இருக்கு." இதனால் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தங்கிவிட்டது. மற்றபடி மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் கவனம் சார்தான். அதில் அவருக்கும் உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அப்பேர்ப்பட்டவர் விரலை எப்படி விட்டார் என்றால், அதுவும் கடமையினால்தான். மறுநாள் சாயங்காலம் தலைமை அலுவலகத்து ஆட்கள் வருகிறார்கள். 'விபத்தே இல்லாத தொழிற்சாலை' என்று ஒரு கேடயம் கொடுக்கப் போகிறார்கள். அவர்கள் முன்னால் இயந்திரத்தில் கையை எங்கே வைக்கக் கூடாது என்று கவனம் சார் செய்து காட்ட வேண்டும். ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒத்திகைக்கு வந்தார். நன்றாகத் தெரியட்டும் என்று காப்பு மூடியைக் கழற்றினார். "இந்த இடத்துல மட்டும் விரலை வைக்கவே கூடாது" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே விரலை அந்த இடத்தில் வைத்தார். ஒரு அடி முன்னால் வந்தபோது கால், இயந்திரத்தை இயக்கும் மிதிகட்டையில் பட்டுவிட்டது. ஆப்பசைத்த குரங்கின் கதைதான். விளக்கம் பிரமாதமாக அமைந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வேலை செய்யும் இடத்தில், வேலையின் காரணமாக அடிபட்டால் இழப்பீடு உண்டு. அடிபட்டவன் கொஞ்சம் அசந்திருந்தாலும் உண்டு. எந்த விரல் எந்தக் கணு வரை போனால் எவ்வளவு என்று அட்டவணையே இருக்கிறது. தொழிலாளிகள் பயந்தால்தான் கவனமாயிருப்பார்கள் என்று அந்த அட்டவணையை அவர் அடிக்கடி உரக்கப் படித்துக் காட்டுவார். இப்போது அது தானாகவே மனதுக்குள் ஓடியது. கட்டை விரல் தாண்டி ஆள்காட்டி விரல் வந்ததும் அவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

ஆனால் இழப்பீடு வேண்டுமென்றால் அடிபட்டதைச் சொல்ல வேண்டுமே! சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத்தான் தெரியும், அந்த ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான். அடிபட்டவன் காலையில் எல்லோர் முன்னாலும் பெட்டிமேல் ஏறி நின்று, தன் கவனம் எந்த நிமிஷம் எங்கே போயிருந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு பாதுகாப்பு விதிகளை முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படிக்க வேண்டும். கடைசியாகக் கவனம் சார் ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டி அவனைக் குறுக்கு விசாரணை செய்வார். இந்த ஏற்பாடு வந்த பிறகு விபத்து என்ற பேச்சே அந்தக் கட்டடத்தில் எழவில்லை. கேடயம் சும்மா வரவில்லை.

மேனேஜர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்: "இந்தக் கேடயம் மட்டும் வந்துட்டா உங்க கான்ட்ராக்டை நிரந்தரமாக்கிடலாம். வரலைன்னா, இந்த ஆளுக்கு இங்க என்ன வேலைன்னு மேல கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியாது."

கவனம் சாருக்கும் தெரியாது. இந்த வயதில் வேறு வேலை தேடிப் போனால் எவன் கொடுப்பான் என்பதும் தெரியாது. விரலைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு வீங்கிக்கொண்டிருந்தது.

முதலுதவிப் பெட்டியைத் திறக்கலாம் என்றால், ஃபோர்மேன் பக்கத்தில் இல்லாமல் திறக்கக் கூடாது. அதுவும் அவர் போட்ட விதி. கைக்குட்டையைச் சுற்றி, மேலே தடித்த தோல் கையுறை ஒன்றை மாட்டினார். ஒரு கையில் மட்டும் மாட்டினால் சந்தேகம் வரும் என்று இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டார். மாட்டும்போது கண்ணில் பூச்சி பறந்தது.

வெளியே வந்தால் மேனேஜர் எதிரே நிற்கிறார்.

"என்ன கவனம், கையில என்ன?"

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்குக் கையிலேயே கனம்.

"கையுறை சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

"புது விதி சார். இனிமே உள்ள இருக்கிற எல்லாரும் எப்பவும் கையுறை போடணும். நான் முதல்ல போட்டுக் காட்டலாம்னு..."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "பிரமாதம்யா! நாளைக்கு வர்றவங்க அசந்துடுவாங்க. ஆபீஸ்லயும் போடச் சொல்லுங்க. குடுங்க கையை!" என்று வலது கையைப் பிடித்து, கேடயமே வந்துவிட்டது போலக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

கவனம் சாரின் கண்ணில் நீர் முட்டியது.

"கண் கலங்குறீங்களா? உங்களை மாதிரி வேலையில உயிரை வெச்சிருக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல" என்று மேனேஜரும் குரல் தழுதழுக்க இன்னொரு முறை குலுக்கினார்.

சாப்பாடு முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் கையுறை கொடுக்கப்பட்டது. ஹெல்மெட் போடச் சொன்னால் தலை அரிக்கிறது என்பவர்கள், பூட்ஸ் போடச் சொன்னால் கால் வேர்க்கிறது என்பவர்கள், கையுறையை மட்டும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். ஃபோர்மேன் ஒருபடி மேலே போய், "நல்ல விதி சார். இதை முன்னாடியே கொண்டு வந்திருக்கலாம்" என்றார். தன் வார்த்தைக்கு இவ்வளவு மரியாதையா என்று அந்த வலியிலும் கவனம் சாருக்குக் கொஞ்சம் இனித்தது.

இனிப்பு டீ நேரம்வரைகூடத் தாங்கவில்லை. ஆபீஸில் டைப் அடிக்கிற அம்மாள் ஒரு எழுத்தைத் தட்டினால் நான்கு எழுத்து விழுந்தது. ஸ்டோர் கீப்பர் டீ டம்ளரை நழுவவிட்டுத் தன் மடியிலேயே ஊற்றிக்கொண்டார். உள்ளே துளை போடும் இயந்திரத்தில் ஒருவனுடைய கையுறையை ட்ரில் சுருட்டி இழுத்தது. நல்ல காலம், கையுறை போனது, கை தங்கியது. அதைப் பார்த்த கவனம் சாருக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது.

ஃபோர்மேன் மெதுவாகப் பக்கத்தில் வந்து சொன்னார்: "சார், சுத்துற மெஷின் கிட்ட கையுறை போடக்கூடாதுன்னு போன கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னவர் அவர்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயிற்று.

"ட்ரில்லிங் ஆளுங்க மட்டும் கழட்டிடுங்கப்பா! கவனம்! உடனே கழட்டுங்க!"

உடனே ட்ரில்லிங் ஆட்கள் திரண்டு வந்துவிட்டார்கள். "எல்லாருக்கும் உண்டு, எங்களுக்கு மட்டும் இல்லையா? நாங்க என்ன சார் பாவம் பண்ணினோம்?" என்று ஒருவன் கையுறைக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டான். கழற்றவைப்பதற்குள் கவனம் சாருக்குப் பிராணன் போய்வந்தது. விதி என்றால் வேம்பாய்க் கசந்தவர்கள் ஒரே நாளில் இப்படி மாறியது அவருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் யோசிக்க விரல் விடவில்லை.

*

வீட்டுக்குள் கையுறையோடு நுழைந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவரை மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க இது வேஷம்?"

"குளிருது."

"மின்விசிறிக்குக் கீழ உக்காந்து விசிறிக்கிட்டே குளிருதுங்கறீங்களே, கழட்டுங்க."

அவள் கழற்றினாள். கைக்குட்டையைப் பிரித்தாள். பிரித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என்னங்க இது! விரலா இது! எங்க பட்டுச்சு?"

இந்தக் கேள்விக்கு வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்திருந்தார். தொழிற்சாலையில் கேட்டால் வீட்டில் என்று சொல்லிவிடலாம். வீட்டில் கேட்டால் வீட்டில் என்று சொல்ல முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். சோறு போடுகிறவளிடமே மறைப்பது எப்படி?

"வண்டியில வரும்போது கதவுல..."

அவர் துரதிர்ஷ்டம், மைத்துனன் கூடத்தில் இருந்தான். மனைவியின் தம்பி. தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. குடும்பத்தில் அவனுக்கு நோட்டீஸ் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரன் சத்தமாக இருமினால்கூட, "ஒரு நோட்டீஸ் விட்டுடலாமா?" என்பான்.

"எந்த வண்டி மாமா?" என்று எழுந்து வந்தான்.

"கம்பெனி வண்டிதான், வேறென்ன."

"கம்பெனி வண்டியா!" நோட்டீஸின் முகத்தில் விளக்கு எரிந்தது. "கம்பெனி ஏற்பாடு பண்ற வண்டியில அடிபட்டா அது வேலை இடத்துல அடிபட்ட மாதிரிதான் மாமா! இழப்பீடு உண்டு!"

கவனம் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வண்டியில இல்லப்பா. இறங்கினப்புறம். கேட்டுகிட்ட."

"கம்பெனி கேட்டா? அதுவும் உண்டு!"

"கேட்டுல இல்ல... உள்ள, கேன்டீன்ல. சாப்பிடும்போது. அது வேலை இல்லையே?"

"கம்பெனி கேன்டீன்தானே? தாராளமா உண்டு!"

எந்தப் பக்கம் ஓடினாலும் சட்டம் கையை விரித்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தது. எத்தனையோ பேர் இழப்பீட்டைத் துரத்திக்கொண்டு கோர்ட் வாசலில் செருப்புத் தேய நடக்கிறார்கள். இழப்பீடு துரத்த ஒரு மனிதன் தலைதெறிக்க ஓடியது அந்தக் கூடத்தில்தான்.

"ரோட்டுல!" என்றார் கடைசியாக. "ரோட்டுல நடந்து வந்தேன். எவனோ கார் கதவைத் திறந்தான். நசுங்கிடுச்சு. கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. போதுமா?"

நோட்டீஸ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். பிறகு பெருமூச்சு விட்டான். "அப்போ அது மோட்டார் வாகன விபத்து. அதுக்கு வேற கோர்ட்டு மாமா. கார் நம்பர் சொல்லுங்க."

கவனம் சார் தலையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை வலது கை. அப்போது அவர் போட்ட சத்தத்தில் உண்மையும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. இயந்திரம், ஒத்திகை, மிதிகட்டை, எல்லாம்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. "இதைப் போய் சொல்ல என்னங்க பயம்? அடிபட்டா சொல்லணும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க?"

"சொன்னா வேலை போயிடும்டி."

"சொல்லலைன்னா விரல் போயிடும். எனக்கு எது முக்கியம்னு நினைக்கறீங்க? இந்தக் கையால நாளைக்கு ஒரு பித்தானைப் போட முடியுமா உங்களால?" அவள் கைக்குட்டையை மறுபடி சுற்றிவிட்டாள். "காலையில முதல் வேலையா மேனேஜர்கிட்ட சொல்லிட்டு டாக்டரைப் பாருங்க. நீங்க சொல்லலைன்னா நான் வந்து சொல்வேன்."

"நோட்டீஸோட வர்றோம்" என்றான் நோட்டீஸ்.

*

காலையில் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. அதைவிடப் பயம் என்னவென்றால், வலி குறைந்திருந்தது. நுனியைத் தொட்டால் வேறு யார் விரலையோ தொட்ட மாதிரி இருந்தது. கவனம் சார் அவசரமாகச் சட்டையை மாட்டினார். வேலையாவது மண்ணாவது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

அறையில் கேடயம் வைப்பதற்குச் சுவரில் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, வாங்க! இந்த உயரம் போதுமா பாருங்க" என்றார் மேனேஜர். "மேலேயிருந்து போன் வந்துச்சு. நம்ம கம்பெனியைத்தான் எல்லாக் கிளைக்கும் உதாரணமாச் சொல்லப் போறாங்களாம். நடுவுல ஒரு சின்னக் கீறல் வந்தாலும் எல்லாம் போச்சு. என்ன, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"சார்... எனக்கு விரல்ல ஒரு அடி."

ஆணி அடித்துக்கொண்டிருந்தவனின் சுத்தியல்கூட நின்றது. மேனேஜரின் முகம் சுவர்ச் சுண்ணாம்பு போல வெளுத்தது.

"எங்க?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே பெட்டிமேல் ஏறி நின்று, கீழே நிற்கிற அத்தனை பேரையும் பார்த்துவிட்டு, திரும்பி இறங்கிப் போய்விட்டது.

"வீட்டுல சார். கதவு இடுக்குல."

"வீட்டுலயா!" மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். "அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க. வீட்டுல எங்க வேணா அடிபடலாம், அது உங்க சுதந்திரம். எதுக்கும் ஒரு பேப்பர்ல, வீட்டுலதான் பட்டது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க."

அப்படி எழுதிக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்பது கவனம் சாருக்குத் தெரியும். நாளைக்கு விரல் போனாலும் எந்தச் சட்டமும் அவரைத் திரும்பிப் பார்க்காது. வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. கோணல் மாணலாக, இடது கையால் வலது கையை எழுதிக் கொடுத்தார்.

மேனேஜர் வாங்கிப் படித்துவிட்டு, "ஒரு சாட்சிக் கையெழுத்து வேணுமே. வீட்டுல நடந்ததுக்கு உங்க வீட்டம்மாதான் சாட்சி" என்றார்.

"சாயங்காலம் வாங்கிட்டு வர்றேன் சார். அவ இப்போ ரொம்ப வேலையா..."

மேஜையில் போன் அடித்தது. வாட்ச்மேன். மேனேஜர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி! உங்க வீட்டம்மா கேட்டுல நிக்கறாங்களாம். கூட யாரோ கறுப்பு பேன்ட்டோட ஒரு தம்பி. உள்ள கூட்டிட்டு வரச் சொல்லவா?"

"நானே போய்..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மாடிப்படியில் ஓடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்த பலகையைத் தாண்டி, படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். கீழே நின்ற ஃபோர்மேன், "கவனம் சார், கவனம்!" என்று கத்தினார்.

கேட்டில் மனைவி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள். நோட்டீஸின் கையில் நோட்டீஸ்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்! ஒத்துக்கிட்டாரு! உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லிட்டாரு. வா, வா, ஆட்டோ!"

"ஒத்துக்கிட்டாரா?" நோட்டீஸுக்கு முகம் விழுந்தது. "ஒரு எதிர்ப்பு கூடவா தெரிவிக்கல?"

"நல்ல மனுஷன்தான் போலிருக்கு" என்றாள் மனைவி. "ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வந்துடறேன் இருங்க."

"அதெல்லாம் வேணாம்! அவருக்கு நன்றி சொன்னா பிடிக்காது! வெட்கப்படுவாரு!"

திரும்பிப் பார்த்தால், மேனேஜரே கையில் காகிதத்தை ஆட்டிக்கொண்டு படியிறங்கி வருகிறார். "அம்மா! ஒரு நிமிஷம்மா! ஒரு கையெழுத்து!"

"என்னங்க சொல்றாரு?"

"சீக்கிரம் குணமாகட்டும்ங்கறாரு. ஏறு!" மனைவியை ஆட்டோவில் ஏற்றி, மைத்துனனை உள்ளே தள்ளி, தானும் பாதி தொங்கிக்கொண்டு, "போப்பா! எங்கயாவது போ!" என்றார். ஆட்டோ கிளம்பியதும் மனைவி வெளியே தலையை நீட்டி மேனேஜரைப் பார்த்து நன்றாகக் கையெடுத்துக் கும்பிட்டாள். மேனேஜர் ஒன்றும் புரியாமல் காகிதத்தோடு திருப்பிக் கும்பிட்டார்.

"எங்க சார் போகணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே கம்பெனியின் சட்டையைக் கண்டாலே போன் போட்டுவிடுவார்கள். பக்கத்து டாக்டர் மேனேஜருடன் காலையில் நடக்கப் போகிறவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கவனம் சாருக்கு அன்று வெள்ளைச் சட்டை போட்டவர்களெல்லாம் தலைமை அலுவலகம். தெருமுனையில் ஒருவர் அவரைப் பார்த்துத் தலையாட்டியதற்கு, குனிந்து ஆட்டோவின் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"கடைசி பஸ் ஸ்டாப்பையும் தாண்டிப் போப்பா. அங்க எங்கயாவது ஒரு சின்ன டாக்டர் இருந்தாப் போதும்."

"அவ்ளோ தூரத்துலயா கம்பெனி டாக்டர் வெச்சிருக்காங்க?" என்றாள் மனைவி.

"ஸ்பெஷல் டாக்டர்."

போகிற வழியெல்லாம் அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பள்ளத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் அவர் கையைத் தன் கையில் தாங்கிக்கொண்டாள். "போயிடாதுல்லங்க?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். கவனம் சார் ஆட்டோக்காரரைப் பார்த்து, "சீக்கிரம்ப்பா" என்றார். இவளிடமும் பொய் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. கேடயத்தையும் நிரந்தர வேலையையும் நினைத்துப் பார்த்தார். நிரந்தரமாக ஒரு விரல் இல்லாமல் இருப்பதையும் நினைத்துப் பார்த்தார். அதற்குமேல் நினைக்கத் தைரியம் இல்லை.

கடைசி ஸ்டாப்பைத் தாண்டி, மரக் கிடங்குக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் முடிவில் தகரக் கூரை போட்ட சின்ன கிளினிக். பெயர்ப் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. ஈ காக்கை இல்லை, தெரிந்தவர் எவரும் இல்லை. இங்கே எவன் வரப்போகிறான் என்று கவனம் சார் அன்றைக்கு முதல் தடவையாக முழு மூச்சு விட்டார். மனைவியையும் மைத்துனனையும் வெளித் திண்ணையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அமுக்கினார், நுனியில் ஊசியால் லேசாகத் தொட்டார். கவனம் சார், "ஐயோ!" என்றார்.

"உணர்ச்சி இருக்கு. எலும்புல விரிசல், நகத்துக்குக் கீழ ரத்தம் கட்டியிருக்கு, அவ்வளவுதான். ரத்தத்தை எடுத்துடறேன். விரல் பிழைச்சுக்கும். இன்னும் ஒரு நாள் மறைச்சு வெச்சிருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது."

கவனம் சார் அழுதுவிட்டார். வெட்கப்படாமல், சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். ரத்தத்தை எடுத்து, கட்டை வைத்து, விரலைக் கட்டுவதற்குள் உயிர் திரும்பி வந்துவிட்டது. உயிர் வந்ததும் கூடவே பயமும் வந்தது.

வெளி அறையில் கம்பவுண்டர் பேனாவோடு காத்திருந்தார். பருத்த ஆள், சாவகாசமான பேச்சு.

"எப்படிப் பட்டுச்சு?"

கவனம் சார் வாசலை எட்டிப் பார்த்தார். மனைவியின் காதுக்கு எட்டாது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்டுல... கதவு இடுக்குல."

கம்பவுண்டர் நிமிர்ந்து அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார். அதில் கம்பெனி முத்திரை. கவனம் சார் அவசரமாகக் கட்டுப் போட்ட கையால் அதை மறைத்தார்.

கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடி, அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "பயப்படாதீங்க சார், பீரோ கம்பெனியிலேருந்து இங்க வர்ற எல்லாருக்குமே வீட்டுக் கதவுதான், அந்தக் கவனம் சார் காதுக்குப் போகாம நாங்க பாத்துக்கறோம்."